நான் கட்டிய பதினொரு முடிச்சு

பிள்ளைகளே, உங்கள் வாப்பா இருபத்தாறு வருடம் கைத்தறியில் சாரன் நெய்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் என் எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் அறுந்த நூலில் நான் போடும் முடிச்சில் பிழை இருக்காது. அந்தப் பெருமையால் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மிதியைப் பார்க்கப் போனது

ஒருநாள் காலை முதலாளி கூப்பிட்டார்.

"வாவிக்கரையில பட்டு நெசவு மியூசியம் ஒண்டு தொறந்திரிக்காங்க. அங்க பழைய தறியொண்டுல மிதி இறுகிப் போச்சாம். போய்ப் பாத்திட்டு வா. மிதிய மட்டும் பாரு, விளங்கிச்சா?"

"நான் என்ன செஞ்ச நான் முதலாளி?"

"இன்னும் ஒண்டும் செய்யல்ல. அதாலதான் இப்பவே சொல்றன்."

மியூசியம் என்றால் இரண்டே அறைகள். முதல் அறையில் போத்தலுக்குள் பட்டுப்புழுக் கூடுகள், சுவரில் படங்கள். உள் அறையில் தறி. அதில் பாதி நெய்த மாம்பழ நிறச் சேலை ஒன்று அப்படியே நின்றது. எத்தனையோ வருடம் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்து மாட்டியிருந்தார்கள். பொறுப்பாக இருந்த பிள்ளையை எல்லோரும் மிஸ் என்பார்கள். அவருக்கு முகமெல்லாம் வியர்வை. என்னை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டார்.

"நானா, தறிக்குச் சொந்தக்கார அம்மா பத்தரைக்கு வவுணதீவில இருந்து வாறா. மூணு மாசத்துக்கு எண்டுதான் தந்தவ. இண்டைக்குப் பார்த்திட்டுத்தான் இங்க விடுறதா, வீட்ட கொண்டு போறதா எண்டு சொல்லுவாவாம். இது போனா மிச்சம் என்ன? புழுக்கூடும் போட்டோவும்தான்."

"பயப்படாதீங்க மிஸ். தறியைப் புதுசு மாதிரி ஆக்கித் தாறன்" என்றேன். அந்த வார்த்தையை அப்போதே விழுங்கியிருக்க வேண்டும்.

2. செய்யச் சொல்லாத வேலை

வாவிக் காற்றின் ஈரத்தில், காலால் மிதிக்கும் அந்த மிதியின் மரம் ஊதியிருந்தது. சாண்ட் பேப்பரால் தேய்த்து, மெழுகுதிரி பூச, அரை மணித்தியாலத்தில் சரி. மிஸ் அந்த அம்மாவைக் கூட்டிவர பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். நான் சும்மா நிமிர்ந்து பார்த்தேன்.

பாவில் பதினொரு இழை அறுந்து தொங்கியது.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். எங்கள் தறிக்கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு: யாருடைய தறியானாலும், அறுந்த இழையைக் கண்டவன் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டாமல் போகிறவனைப் பார்த்து, "கண்ணைக் கடனுக்குக் குடுத்திட்டியா?" என்பார்கள். எனக்குக் கை துடித்தது. சொந்தக்காரி வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் தறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளே என்று பயம் வேறு.

பட்டு, பருத்தி போல இல்லை. என் சொரசொரத்த விரலில் சிக்கி இழுத்தது. மிதியைத் தேய்த்த சாண்ட் பேப்பராலேயே விரலையும் தேய்த்தேன். எரிந்தது. பாவைத் தளர்த்தி வைத்திருந்தபடியால் முனைக்கு முனை எட்டியது. பதினொன்றையும் கட்டி, மீந்த வாலை ஒட்ட நறுக்கி, தூர நின்று பார்த்தேன். நானே மாப்பிள்ளை, நானே மாமனார் என்ற மாதிரி ஒரு சந்தோசம்.

3. பத்தரை மணி

அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நேராகத் தறிக்கு வந்து பாவில் விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"அறுந்த நூலெல்லாம் எங்க?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிதியைப் பார்த்தேன்.

"எங்கட அம்மா இதில இருந்து நெய்யக்குள்ளதான் பிள்ளை நோ எடுத்ததாம்" என்றார் தறிக்குச் சொந்தக்காரர். "எழும்பேக்க பாவைப் பிடிச்சு இழுத்துப்போட்டா. பதினொண்டு அறுந்துது. அண்டைக்குப் பின்னேரம் நான் பிறந்தனான். அதைச் சனம் பார்க்கட்டும் எண்டுதான் தறியைத் தந்தனான்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எலி தின்றது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் மிஸ்ஸின் கண் நிறைந்துவிட்டது. பழி அந்தப் பிள்ளையின் தலையில் விழப்போகிறது.

"அக்கா, நான்தான் கட்டிப்போட்ட நான். மிஸ்ஸுக்கு ஒண்டும் தெரியாது. அவ மிதியப் பாக்கத்தான் கூப்பிட்டவ."

"ஆர் கட்டச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல அக்கா."

"அப்ப அவிழுங்க."

"வாலை ஒட்ட வெட்டிப்போட்டன். அவிழாது."

"அப்ப முடிச்சை வெட்டுங்க, தம்பி."

இருபத்தாறு வருடம் அறுந்ததைக் கட்டிச் சோறு தின்றவன், அன்றுதான் கட்டியதை அறுக்கக் கத்தரிக்கோல் எடுத்தேன். அதிலும் ஒரு கேடு. முடிச்சைக் காணவில்லை! மூக்கு நூலில் முட்டும் அளவுக்குக் குனிந்து, மிஸ் டோர்ச் பிடிக்க, ஒன்றொன்றாகத் தேடி வெட்டினேன். ஒன்பது கிடைத்தது. மற்ற இரண்டையும் என் கண்ணாலேயே பிடிக்க முடியவில்லை.

"இவர் என்ன, கட்டினதையும் காணல்ல எண்டுறார்!" அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா ஏன் பிறகு வந்து கட்டல்ல, அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க கட்டுற? என்னை இறக்கி விட்டா அழுவனாம். ஒரு வருசம் தறிப் பக்கம் போக விடல்லயாம். பிறகு அப்பா வேற தறி போட்டுக் குடுத்திட்டார்."

நான் திரும்பவும் குனிந்தேன். "கொஞ்சம் பொறுங்க. ரெண்டையும் எடுத்துத் தாறன்."

"வேணாம் தம்பி, விடுங்க." ஒன்பது இழை தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ரெண்டும் அம்மா வந்து கட்டினதா இருக்கட்டும். தறி இங்கயே நிக்கட்டும், பிள்ளை."

மிஸ் அழுதே விட்டார். நான் மிதியை இன்னொரு தரம் துடைத்தேன். செய்ய வேறு வேலை தெரியவில்லை.

பிள்ளைகளே, வேலை தெரியாதவன் செய்த பிழை பளிச்சென்று தெரியும், திருத்திவிடலாம். வேலை தெரிந்தவன் கேட்காமல் செய்ததை அவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தறிக்கு முன்னால் நின்றாலும், "இது ஏன் இப்படிக் கிடக்கு?" என்று முதலில் கேளுங்கள். கேட்டதற்குப் பிறகும் கை துடித்தால், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.