தாமோதரனை ஊருக்கு அழைத்து வந்தவர்

"டீசல் தீந்து போச்சு. நடு ஆகாசம். கேப்டன் தாமோதரன் என்ன செஞ்சாரு தெரியுமா?" என்று நிறுத்திவிட்டு, சங்கரபாண்டி அன்னாசியின் கொண்டையை முறுக்கிப் பிடுங்குகிறார். விடை வேண்டுமானால் பழம் தின்று முடிகிற வரை நிற்க வேண்டும். குற்றாலம் ஐந்தருவிப் பாதையில் ஈரத்துண்டோடு முன்பெல்லாம் நின்றார்கள். இப்போது, "அது எந்தப் படம் அண்ணாச்சி?" என்று செல்போனைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

"படமா? ஏலே, அது ஆகாசத்தோணிலே! அது ஓடுத நேரத்துல தெருவுல நாய்கூட நடக்காது" என்கிறார், போகிறவர்களின் முதுகைப் பார்த்து. ஒரு துண்டுக்கு மட்டும் மிளகாய்ப்பொடி கூடிப்போகிறது.

'ஆகாசத்தோணி' முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய மலையாள டி.வி. தொடர். ஊர் திரும்ப வழி தெரியாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே அலையும் விண்கப்பலின் கதை. இலஞ்சியில் அவர் தெருவிலிருந்த ஒரே டி.வி. காளீஸ்வரி வீட்டில் இருந்தது. அவள் புருஷன் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. ஆன்டெனாவைச் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் திருப்பினால் மலையாளம் விழும். படம் புள்ளி புள்ளியாய் வரும். பேச்சு யாருக்கும் விளங்காது. புனலூர் மரக்கடையில் சுமை தூக்கிவிட்டு வந்திருந்த சங்கரபாண்டிதான் டி.வி.க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அத்தனையையும் தமிழில் சொன்னார்.

அவருக்குத் தெரிந்த மலையாளம் தடி ஏற்றவும் இறக்கவும் சாயா கேட்கவும்தான் காணும். மிச்சத்தை முகங்களைப் பார்த்து இட்டுக்கட்டினார். அவர் வாயில் விண்கப்பல் டீசலில் ஓடியது. வேற்றுக்கிரகத்துப் பச்சைத்தலையர்கள் தாம்பாளத்தோடு சம்பந்தம் பேச வந்தார்கள். அங்கே சாரலே கிடையாது என்று மாலுமிகள் ஏங்கினார்கள். தெருவும் கூடச் சேர்ந்து ஏங்கியது.

கடைசி வாரம் தாமோதரன் ரேடியோவில் தன் மனைவியிடம் வெகுநேரம் பேசினான். சங்கரபாண்டிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சவுதியிலிருந்து கடிதம் வந்தே மாதக்கணக்காகியிருந்த காளீஸ்வரி, கைக்குழந்தையோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "வருவாராண்ணாச்சி?" என்றாள்.

"வாராரு தாயி. டிக்கெட் போட்டாச்சாம்" என்றார் சங்கரபாண்டி.

அடுத்த தையில் அவள் புருஷனும் வந்து சேர்ந்தார். தென்காசியில் கடை வைத்து, நன்றாக வாழ்ந்து, நாலு வருஷத்துக்கு முன் காலமானார். காளீஸ்வரிக்குப் புருஷனும் தாமோதரனும் ஒன்றாகத்தான் ஊர் திரும்பினார்கள். நல்லநாள் பேச்சில்கூட, "தாமோதரன் சார் வந்த வருஷம்" என்றுதான் கணக்குச் சொல்லுவாள்.

அந்தக் கைக்குழந்தை மணிகண்டபிரபு, போன மாதம் துபாயிலிருந்து வந்து சுவரளவு டி.வி. ஒன்றை மாட்டினான். மாட்டிய கையோடு பழக்கடைக்கு வந்தான். "மாமா, ஆகாசத்தோணி யூடியூபுல முழுசா கெடக்கு. கீழ தமிழ்ல எழுத்தும் ஓடுது. பாதி பாத்தேன். நீங்க சொன்ன கதைக்கும் அதுக்கும் ஆறு வித்தியாசம் இல்ல, அறுபது வித்தியாசம்! அம்மா கடைசி வாரத்த எல்லாரும் சேந்து பாக்கணுங்கா. ஞாயித்துக்கிழம வந்துருங்க."

அன்றே மனைவி பாலம்மாளின் போனில் சங்கரபாண்டி அதைப் பார்த்துவிட்டார். தாமோதரன் வரவில்லை. ரேடியோவில் அவன் அன்றைக்குச் சொன்னது அதைத்தான்.

ஞாயிறு காலையில் முதலில் கால்வலி என்றார். பிறகு சீசன் கூட்டம் என்றார். "அருவியில தண்ணியே இல்ல, எங்கன இருந்து கூட்டம் வருது?" என்றாள் பாலம்மாள். "ஊருக்கே கத வித்தீயளே, இப்ப ஒரு வீட்டுக்குப் போக என்ன பயம்?"

"எனக்கென்னட்டி பயம்? அவ அந்த எழுத்தப் படிச்சிருவாளே."

"அதுக்கு இங்கன உக்காந்து என்ன செய்ய?" என்று தேய்த்த சட்டையை அவர் தோளில் போட்டாள்.

அந்நாளில் வாசல்வரை அடைத்த வீட்டில் இப்போது நாலு பேர். பக்கத்து வீட்டு உச்சிமாகாளி பாதியிலேயே கொட்டாவி விட்டார். புள்ளியில்லாத படத்தில் விண்கப்பல் தகர டப்பாவாகத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சங்கரபாண்டி சோபாவின் நுனியில், சுவரைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தார்.

தாமோதரன் ரேடியோவை எடுத்தான். கீழே வெள்ளை எழுத்து, விரல் பருமனுக்கு விழுந்தது: 'எனக்காகக் காத்திருக்காதே.'

காளீஸ்வரியின் உதடுகள் அசைந்து நின்றன. பிறகு சங்கரபாண்டியின் பக்கம் திரும்பினாள்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு அண்ணாச்சி. ஒண்ணும் தெரியல, நீங்க சொல்லுங்க" என்றவள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து, பெட்டியில் வைத்து மூடினாள்.