அக்கா கையில் செங்கேலி

அசாமில் டூம்டூமா கடைத்தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கும் திம்பேஷ்வர் சேத்தியா இந்த ஐம்பது வயதுக்குள் வாங்கிய பட்டம் ஒன்றே ஒன்றுதான்: மீன் பைத்தியம். வண்ண மீன் வளர்த்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்கும். இந்த மனிதர் வளர்த்தது செங்கேலி. விரால் சாதியில் ஒரு சாணுக்கு மேல் வளராத குட்டை. சந்தையில் கூறு கட்டி விற்பது, குழம்பில் கிடக்க வேண்டியது. அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, துள்ளி வெளியே விழாமலிருக்க மூடிமேல் செங்கல் வைத்து, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்கு வந்தவர்கள் எப்போது சமைக்கப் போகிறார் என்று விசாரிப்பார்கள். மனைவி மாமோனி, கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் தன் முகத்தை ஒரு நாளாவது இப்படிப் பார்த்ததுண்டா என்று கேட்பாள். இரண்டுக்கும் அவர் முக்காலியைத் தொட்டிக்கு இன்னும் கிட்டே நகர்த்திக்கொள்வார்.

இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டதும் அவருக்கு யோகம் அடித்தது. பெண் மீன் முட்டையிட்டது. ஆண் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டது. இந்தச் சாதியில் பிள்ளை வளர்ப்பது அப்பன் பொறுப்பு. குஞ்சு பொரிந்து நீந்தும்வரை அவன் ஒரு புழுவைக்கூடத் தொடமாட்டான். தாடை உப்பி, உடம்பு வற்றி, ஒரு மூலையில் கிடந்தான். ஐந்து வருஷமாக திம்பேஷ்வர் காத்திருந்தது இதற்குத்தான்.

அந்த வாரமே மாமோனி டைபாய்டில் படுத்தாள். அவருடைய கவலை இரண்டாகப் பிரிந்தது; எந்தப் பக்கம் எவ்வளவு என்று கேட்காமலிருப்பதே மரியாதை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள சிவசாகரிலிருந்து மாமோனியின் அக்கா ஹேமபிரபா வந்து சேர்ந்தாள். திம்பேஷ்வர் உடனே வீட்டின் ஓரங்களில் நடமாட ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி மனைவியின் அக்கா என்றால் விலகித்தான் நிற்க வேண்டும். விரல் நுனி பட்டாலும் இருவரும் தலை முழுக வேண்டும். நேருக்கு நேர் பேச்சும் கிடையாது. எதுவானாலும் மாமோனி வழியாகத்தான் போகும், வரும்.

ஆண் முட்டைகளை அள்ளிய பதினோராம் நாள் மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது மூடிமேல் செங்கல் இல்லை. ஹேமபிரபா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழுக்காமலிருக்கக் கையில் சாம்பல், சாம்பலுக்குள் செங்கேலி.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. காய்ச்சல்காரருக்கு மிளகு போட்ட மீன் சாறுதான் மருந்து. அதற்காக உயிரோடு மீனைத் தண்ணீரில் விட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. இங்கே பானை கண்ணாடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

திம்பேஷ்வர் படுக்கையறைப் பக்கம் திரும்பினார். "மாமோனி, உங்க அக்காவை அதைக் கீழ விடச் சொல்லு."

"எதை?" என்றது உள்ளிருந்து வந்த ஈனக்குரல்.

"நீ சும்மா படுடி," என்றாள் ஹேமபிரபா. "இது தீனி தின்னாம வத்திக்கிட்டே போகுது. இன்னைக்கு விட்டா நாளைக்கு முள்ளுதான் மிஞ்சும்னு சொல்லு."

"வாயில பிள்ளைங்க இருக்குன்னு சொல்லு."

"யாரு வாயில?"

தபால் போய்ச் சேருமுன் தலை போய்விடும் என்று தெரிந்துவிட்டது. திம்பேஷ்வர் பாய்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

மீன் வாளியில் விழுந்தது. ஹேமபிரபா தன் கையையே பார்த்தாள். பிறகு எழுந்து குழாயடிக்குப் போனாள். திம்பேஷ்வர் மீனைக் கழுவித் தொட்டியில் விட்டார். அவள் முழுகி முடிக்கும்வரை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு போய்த் தானும் கட்டின வேட்டியோடு தலை முழுகினார்.

சொட்டச் சொட்ட வந்து பார்த்தபோது மீனின் தாடை தட்டையாக இருந்தது. தரையில் ஒரு குஞ்சு இல்லை, தண்ணீரில் ஒரு குஞ்சு இல்லை. மிரண்டுபோன அப்பன் அத்தனையையும் விழுங்கிவிட்டிருந்தான். திம்பேஷ்வர் முக்காலியில் உட்கார்ந்து அழுதார். அழுகையை மறைக்கவும் இல்லை.

ஹேமபிரபா தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அதான் பிள்ளைங்க போச்சே. இனிமே அதை வச்சு என்ன பண்றதாம், கேளுடி."

ஒன்பது நாளாக எழுந்திராத மாமோனி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டிமேல் குனிந்து பார்த்தாள்.

"பதினோரு நாள் பட்டினியா வாயில வச்சுக் காப்பாத்தினான் அக்கா. பயந்துதான் முழுங்கிட்டான். எனக்காக இந்த வீட்டுல ஒருத்தர் ஒரு வேளை பட்டினி கிடந்ததில்ல. இவன் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

திம்பேஷ்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மூடி வைத்திருந்த சோற்றுத் தட்டைத் தாண்டி நடந்தார். சாற்றுக்கு வேறு மீன் பிடிக்கத் தூண்டிலை எடுத்துக்கொண்டு, மாட்டுவது செங்கேலியாக மட்டும் இருந்துவிடக் கூடாதே என்று வேண்டியபடி மழையில் இறங்கினார்.