சோளக்குருவி பார்க்கப் போய் பெண் பார்த்த கதை

அந்துருண்டை வாசனை அடிக்கும் புது நீலச் சட்டை... கழுத்துப் பட்டன் வரைக்கும் போடவைத்தது எங்கள் அண்ணி. நாகல் நகரிலிருந்து சின்னாளப்பட்டி போகிற வழி முழுக்க, பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரே உபதேசம்.

"குருவி, கொக்குன்னு ஆரம்பிச்சிராதீங்க தம்பி... மொதல்ல பேரக் கேளுங்க, வேலையக் கேளுங்க."

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. பம்புசெட் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைனாகுலரையும் கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரை. "மாப்ள குருவி பாத்துக்கிட்டுத் திரியிறாராமே" என்றே வந்த சம்பந்தமெல்லாம் கலைந்துபோனது. உண்மையைச் சொன்னால், எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

அப்போதுதான் அண்ணியோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், தன் தங்கையைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். அவளும் இதே கிறுக்குத்தானாம். அண்ணி விடுமா?

"ஒங்கள மாதிரியே ஒரு உருப்படி சின்னாளப்பட்டில இருக்கு தம்பி!"

இப்போதைய பாஷையில் டேட்டிங்... கூடவே அண்ணியும், ஃபிளாஸ்க்கில் காபியும், முறுக்கு டப்பாவும்.

தை மாதச் சாயங்காலம். குளத்தங்கரையில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பறிக்கும் ரோஸ் கலர் சுங்குடிச் சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. எங்கள் ரெண்டு பேர் துணிக் கலரையும் பார்த்ததுமே கரையோரம் நின்ற கொக்கு, நாரை எல்லாம் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டன.

குருவி பார்க்கிறவர்கள் மண் நிறத்தில்தான் உடுத்துவோம். வாயையும் திறக்க மாட்டோம். பெண் பார்க்க அனுப்புகிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"மன்னிச்சுக்கங்க... இது எங்க அக்கா வேல" என்றாள், சேலையைக் காட்டி.

"இது எங்க அண்ணி வேல" என்றேன், சட்டையைத் தொட்டு.

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் பழக்கதோஷம்... ரெண்டு பேரும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்துவிட்டோம். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. பின்னால் நின்று அந்த டீச்சரிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

"ரெண்டும் ஒரு வார்த்த பேசலக்கா. ஒத்து வராது போலருக்கு. செத்த நேரத்துல கெளம்பிருறோம்."

இன்னும் பேரைக்கூடக் கேட்கவில்லையே! இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறக்கப் போனேன்.

அப்போது வந்தன.

முதலில் சோளக்காட்டுக்கு மேலே புகை மாதிரி... அப்புறம் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு... சோளக்குருவிக் கூட்டம். ஆயிரமா, பத்தாயிரமா, யார் கண்டது? மொத்தமாகச் சுருண்டன, விரிந்தன, கீழே பாய்ந்து மறுபடி ஏறின. எங்கள் தலைக்கு மேல் திரும்பியபோது சிறகுச் சத்தம் பெருமழை மாதிரி கேட்டது. ஒன்றுகூட இன்னொன்றோடு மோதவில்லை. யார் சொல்லித் திரும்புகின்றன இத்தனையும்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"ஏலே... மேல பாருலே!"

என் தோளைப் பிடித்து உலுக்கியது அவள்தான். தன் தம்பியோடு குருவி பார்க்கப் போய்ப் போய் வந்த பழக்கம். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணியோ போனைக் காதில் வைத்தபடியே, "ஆத்தாடி... ஆத்தாடி..." வேறு வார்த்தையே வரவில்லை. கூட்டம் கருவேல மரங்களில் இறங்கி அடங்கும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் பேரைக் கேட்டேன். செல்வி என்றாள்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து ஒருதடவை கேட்டேன். "என்னத்தப் பாத்து சரின்னு சொன்ன?"

"கழுத்துல கேமரா தொங்குச்சு. ஒரு போட்டோ எடுக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்ல. வாயப் பொளந்துக்கிட்டு நின்னீங்க. இந்த ஆளு போதும்னு தோணிருச்சு."

இப்போது அந்தச் சோளக்காட்டில் பாதி, பிளாட் ஆகிவிட்டது. குருவிக் கூட்டம் வந்தால் கரை முழுக்க போன் தூக்கிய கைகள்... ரீல்ஸ். போன வாரம் நாங்களும் போனோம். முன்பு மாதிரி பெரிய கூட்டம் இல்லை. ஆனாலும் அதே பிரமிப்பு. என்னையறியாமல் நானும் போனைத் தூக்கிவிட்டேன். ஸ்கிரீனில் ஜூம் செய்துகொண்டே பக்கத்தில் திரும்பினால், செல்வி வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைப் பாக்கெட்டில் போட்டேன்.

அப்புறம்தான் அவள் மேலே பார்த்தாள்.