முத்துலட்சுமியின் ஊருக்குக் கேபிள் வந்த மறுவாரம்

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டியூரில் டவுன் பஸ் ஏறினேன். சிம்மக்கல்லில் இறங்கும்போது மொத்தக் கடைகளுக்கு வெங்காய மூட்டைகள் வந்திறங்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஆரப்பாளையத்துக்கு ஒரு பஸ், ஆரப்பாளையத்திலிருந்து வாடிப்பட்டிக்கு இன்னொன்று. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நேரம்தான் செலவு.

மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. முத்துலட்சுமி என்னிடம் படித்தவள். அவளும் ஜான்சியும் விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து வளர்ந்தவர்கள். விளக்கை அணைத்த பிறகும் ஒருத்தி உள்ளங்கையில் மற்றவள் விரலால் பேசுவாள். படிப்பு முடிந்ததும் ஜான்சிக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. முத்துலட்சுமி கல்யாணமாகி, சிறுமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூருக்குப் போனாள். அவள் கணவன் பாண்டிக்குக் காது கேட்கும். டிராக்டர் ஓட்டுகிறவர். அந்த ஊரில் சைகை தெரிந்தவர் ஒருவருமில்லை.

எழுதி அனுப்பலாமே என்று பலரும் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கைதான் தாய்மொழி. எழுத்து பிறகு கற்றது. மனசில் கிடப்பது அதில் முழுசாக வராது. வீடியோவில்தான் பேச வேண்டும். அந்த ஊரில் செல்போன் சிக்னல் மெலிவு. படம் பாதியில் உறைந்துவிடும். கை நின்றால் சொல்லும் நின்றது. சில மாதம் முயன்று பார்த்துவிட்டு இருவரும் விட்டுவிட்டார்கள். இப்போது ஊராட்சி அலுவலகம் வரைக்கும் இணையத்துக்கான கண்ணாடி இழைக் கேபிள் வந்திருக்கிறது. 'டீச்சர் வாங்க' என்று இரண்டே சொல்லில் முத்துலட்சுமி செய்தி அனுப்பியிருந்தாள்.

சமயநல்லூர் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நாற்று நட்ட வயல்களுக்கு அப்பால் தென்னை, அதற்கும் அப்பால் நீலமாக மலை. ஒன்பது மணிக்கு வாடிப்பட்டி. பாண்டி பைக்கோடு நின்றார்.

"உக்காருங்க டீச்சர். ரோடு கொஞ்சம் மோசம், மெதுவாத்தான் போவேன்."

வழி நெடுகப் புதுக் கம்பங்களில் கறுப்புக் கேபிள் கூடவே வந்தது. "வீட்டுக்கும் கேட்டிருக்கேன்," என்றார். "வீடு தோட்டத்துல இருக்குல்ல, அங்கன கம்பம் இல்ல. மழைக்கப்புறம் போடுறாங்களாம்."

ஊராட்சி அலுவலக வாசலில் முத்துலட்சுமி காத்திருந்தாள். தலை நிறைய மல்லிகை. என்னைக் கண்டதும் வணக்கம் சொல்ல உயர்ந்த கை, பிறகு அடுத்த சைகைக்குத் தயங்கியது. பேசாமலே இருந்து விரல்கள் கனத்துப்போயிருந்தன.

எழுத்தர் அம்மா தன் மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தோம். திரையில் ஜான்சி வந்தாள். இரவு வேலை முடித்து, தூங்காமல் காத்திருந்திருக்கிறாள். இருவரும் கொஞ்ச நேரம் கையே அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் உறையவில்லை.

பிறகு ஆரம்பித்தார்கள். முதலில் தடுமாறிய முத்துலட்சுமியின் கைகள் சற்று நேரத்தில் பறந்தன. சிரித்தாள், கோபித்தாள், தோளைக் குலுக்கினாள். எனக்கே பாதிதான் எட்டியது. பாண்டி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட இம்புட்டுப் பேசுனதில்ல டீச்சர்," என்றார் மெதுவாக.

அப்போது முத்துலட்சுமி தன் வயிற்றில் கை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. பிறகு வெறுமையாகத் திறந்தது. திரையில் ஜான்சி அழுதுகொண்டிருந்தாள்.

பாண்டிக்கு அது புரிந்துவிட்டது. "போன ஆடியில கரு கலஞ்சு போச்சு," என்றார். "ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா எங்கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. வலிக்குதுன்னு சொல்றான்னு நெனச்சு நர்ஸக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப அதைத்தான சொல்றா? என்ன சொல்றா டீச்சர்?"

அந்தப் பகுதி எனக்குப் புரிந்திருந்தது. இரண்டு அடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். "அது அவ சொல்ல வேண்டியது தம்பி," என்றேன். "நான் சொன்னா நல்லா இருக்காது."

அவர் தலையாட்டினார்.

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. முத்துலட்சுமி முகம் கழுவி, தெளிவாக இருந்தாள். கத்தரிக்காய்க் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றினாள். ஜான்சிக்கு லீவு வரும் நாளில் மறுபடி அலுவலகத்துக்கு நடந்து போவாளாம். தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். மற்ற நாளெல்லாம் யாரோடு பேசுவாய் என்று கேட்டேன். மலைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தாள்.

மூன்றரைக்குப் பாண்டி என்னை வாடிப்பட்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் புறப்பட நேரமிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு என்னோடு நின்றார்.

"டீச்சர், 'ஒன்னைய மனசு தேடுச்சு'ங்கிறத எப்படிக் காட்டணும்? அவ அவுங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரப்பல்லாம் சொல்லணும்னு இருக்கும். சிரிச்சுட்டு வந்திருவேன்."

எங்கள் பிள்ளைகள் காட்டும் விதத்தைக் காட்டினேன். நெஞ்சில் ஒரு கை. அதிலிருந்து எதையோ பிய்த்துக்கொண்டு போவதுபோல் விரல்கள் விலகி, எதிரில் இருப்பவரைச் சுட்ட வேண்டும். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்கள் வளைய மறுத்தன. சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

"இத மட்டும் கத்துக்கிட்டாப் போதாது," என்றேன். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வாரேன். நீங்களும் உக்காருங்க."

"வாங்க டீச்சர். வண்டியோட நிப்பேன்."

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மழைக்குப் பிறகு கம்பம் வரும். வீட்டுக்குள்ளேயே ஜான்சி வந்துவிடுவாள். என் வீட்டில் அந்த வசதி எப்போதோ வந்துவிட்டது. மகனும் மருமகளும் நானும் ஆளுக்கொரு அறையில் போனோடு உட்கார்ந்திருப்போம். மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

பஸ் நகர்ந்தது. பாண்டி கீழே நின்று மறுபடியும் அந்தச் சைகையைப் போட்டுப் பார்த்தார். கடைசியில் விரல் என்னைச் சுட்டாமல் தன்னையே சுட்டுவிட்டது. மூடிய கண்ணாடிக்கு இந்தப்புறமிருந்து நான் திருத்திக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டார், இந்த முறை சரியாகப் போட்டார்.