வெள்ளை நூல் கட்டிய புட்டி

கடலை எண்ணெயை டின்னிலிருந்து புட்டிகளில் ஊற்றியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். ஓசூரில் பெங்களூர் டாக்டர் தங்கியிருந்த பங்களாவின் பின்னறையில் ஒரு நீள மேசை, அதன்மேல் இரண்டு டின், வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். ஒரு டின்னில் பெங்களூரிலிருந்து வந்த கண் மருந்து எண்ணெய். இன்னொன்றில் உள்ளூர்ச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியவேண்டும் என்பதற்காக டாக்டர் இரண்டாவது டின்னில் மஞ்சள் சாயம் கலந்திருந்தார். வாசனைக்கும் ஏதோ விட்டிருந்தார். மருந்துப் புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல், வெறும் எண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் வெள்ளை நூல். நூல் கட்டுவதும் என் வேலைதான். முடிச்சு அவிழாமல் கட்டுகிறேன் என்று டாக்டர் என்னைப் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த ஒரு தாலுகா ஊர். இன்று தொழிற்சாலைப் பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற இடங்களில் அன்று கேழ்வரகும் கொள்ளும்தான் விளைந்தன. எங்கள் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். எட்டாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு அந்த மூன்று மொழிகள்தான் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தன. பெங்களூர் டாக்டருக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான் தெரியும். நாங்கள் மருந்து கொண்டுபோன பாகலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அடுத்தடுத்த வீடுகளிலேயே மூன்று மொழி பேசுவார்கள். ஆகவே அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. நான் அந்த வாயானேன். நான் நர்ஸ் இல்லை. ஆனால் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கியதால் ஊரே என்னை நர்சம்மா என்றது. நானும் திருத்தவில்லை. இருபது வயதில் அப்படிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தக் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளில் பலருக்கு மாலைக்கண் இருந்தது. மீன் எண்ணெய் கொடுத்தால் குணமாகும் என்பது அப்போதே எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம். அதற்குப் பதிலாக மலிவான ஒரு புது எண்ணெய் மருந்தைப் பெங்களூரில் தயாரித்திருந்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணெய். நான்கு மாதம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. டாக்டர் இதை ஒரு காகிதத்தில் கோடு போட்டு எனக்கு விளக்கினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எட்டாவது படித்தவளுக்கு நன்றாகவே புரிந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டே அவர் சொன்னார், இதெல்லாம் கிராமத்து ஜனங்களுக்குப் புரியாது, நீ மருந்து என்று மட்டும் சொல், போதும் என்று. எனக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்தது அவர்களுக்கு ஏன் புரியாது என்று நான் கேட்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

பிள்ளை சேர்த்தது ஊர்க் கவுடரின் களத்தில். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய காட்டில் வேலை செய்கிற பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்து நின்றார்கள். "பெங்களூர்லேருந்து பெரிய டாக்டரு வந்திருக்காரு. எல்லாரும் புள்ளைங்கள காட்டுங்க. யாரும் தப்பக் கூடாது" என்றார் கவுடர். அவ்வளவுதான் அனுமதி. அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஒருவர்கூட அந்த வரிசையில் நிற்கவில்லை என்பதை அன்றே கவனித்தேன். ஒவ்வொரு தாயின் கட்டைவிரலையும் பிடித்து மையில் தோய்த்து ஆங்கிலக் காகிதத்தில் அழுத்தினேன். "இது என்னம்மா?" என்று கேட்டவர்களுக்கு மூன்று மொழியிலும் ஒரே பதில் வைத்திருந்தேன்: கண்ணுக்கு மருந்து.

அந்த வரிசையில்தான் பாப்பாவின் அம்மாவை முதலில் பார்த்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். நான் அக்கா என்று கூப்பிட்டதும் கூச்சப்பட்டாள். ஜீப்பில் வருகிறவர்கள் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. மூத்தவை இரண்டும் பையன்கள். கடைசியாகப் பிறந்த பெண்ணுக்கு நாலு வயது, வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. சாயங்காலமானால் அவளுக்கு வழி தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெள்ளை விழி வறண்டிருக்கிறது என்று எழுதச் சொன்னார். பெயர்ப்பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பு, வெள்ளை. பாப்பாவுக்கு வெள்ளை நூல் விழுந்தது. அவளுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சிவப்பு. அவர்கள் இருவரும் இடம் மாறி நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வாரம் ஒருமுறை நான் போய்ப் புட்டியை நிரப்பிக் கொடுப்பேன். மற்ற வீடுகளில் புட்டி அடுப்பு மூலையிலும் கூரைச் செருகலிலும் கிடக்கும். இவள் வீட்டில் மட்டும் சாமி படத்துப் பக்கத்தில் இருக்கும். சூரியன் கிளம்பியதும் குழந்தையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து ஒரு கரண்டி. உதட்டில் ஒட்டியதைக்கூட விரலால் வழித்து வாய்க்குள் விடுவாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்பதை எண்ணெயின் அளவே சொல்லும். டாக்டரிடம் நான் பெருமையாகச் சொன்னேன், இந்த அம்மா ரொம்ப ஒழுங்கு என்று. நல்லது, அப்படிப்பட்டவர்கள்தான் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார் அவர்.

இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பையன் சாயங்காலத்தில் தெருவில் ஓடி விளையாட ஆரம்பித்தான். பாப்பா சுவரை விடவில்லை. பகலிலேயே வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். "அவனுக்குப் புடிச்ச மருந்து எம்புள்ளைக்கு மட்டும் ஏங்கம்மா புடிக்கல? எங்க கிட்டத்தான் ஏதோ கொறை இருக்குதுங்க" என்றாள் அவள். குறை என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், சரியாகிவிடும் அக்கா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். அன்று டாக்டரிடம் மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேசினேன்: அந்தக் குழந்தைக்குச் சிவப்பு நூல் புட்டி கொடுத்துவிடலாமே. நடுவில் மாற்றினால் நாலு மாத வேலையும் வீண் என்றார். இன்னும் கொஞ்ச நாள்தானே, முடிந்ததும் எல்லாருக்கும் மருந்து கொடுப்போம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குப் பெப்பர்மின்ட் கொடுப்பார், அழுகிறதைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது. கையில் மருந்தை வைத்துக்கொண்டு, கண் போவதைப் பார்த்துக்கொண்டு, பெப்பர்மின்ட் கொடுக்க ஒரு மனிதனால் முடிந்திருக்கிறது.

சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று இன்று படித்தவர்களே பூசி மெழுகுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சில வருஷங்களுக்கு முன் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் என் தம்பி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய கைக்குழந்தையை ஒரு தடுப்பூசி ஆராய்ச்சியில் சேர்க்க விருப்பமா என்று கேட்டு ஒரு பெண் வந்தாள். தமிழில் அச்சடித்த காகிதம் வைத்திருந்தாள். எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி என்று குலுக்கலில்தான் முடிவாகும், வேண்டாமென்றால் வேண்டாம், நடுவில் நின்றுகொண்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பிலும் என் தம்பி மகள் நாலு கேள்வி கேட்டாள், நாலுக்கும் பதில் வந்தது. வந்த பெண்ணுக்குப் போட்டு வைத்த காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை! அன்றைக்கு அது தெரியாமல் இல்லை. டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கூலிக்காரப் பெண்ணிடம் போய் அதை ஏன் சொல்ல வேண்டும் என்ற நினைப்புதான் எங்களுக்கு.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒருநாள் நான் சொல்லாமல் மத்தியானத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையன்களின் தட்டில் கேழ்வரகுக் களி, நடுவில் குழி, குழி நிறையக் கீரைக் கடைசல். பாப்பாவின் தட்டில் களியும் உப்புப் போட்ட மிளகுத் தண்ணீரும் மட்டும். குழந்தையின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். வலது கருவிழியில் பால் படிந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, பாப்பாவுக்குக் கீரை போடவில்லையா அக்கா என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "மருந்து சாப்புடற புள்ளைக்குக் கீரை குடுக்கலாங்களாம்மா? மருந்து முறிஞ்சிடுமில்லீங்க? நீங்க புட்டி குடுத்த அன்னைக்கு நிறுத்தினேன். கீரை, பப்பாளி, மாம்பழம் ஒண்ணையும் கண்ணுல காட்டல. நடுவால புடிக்காம போனப்ப, பத்தியம் பத்தலையோன்னு பூசணிக்காயும் நிறுத்திட்டனுங்க. அது கேட்டு அழுவும், அடிச்சுக்கூட இருக்கேன்."

மருந்து என்றால் பத்தியம் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டில் காய்ச்சல் கஷாயத்துக்கே பத்து நாள் கீரையை நிறுத்துவார்கள். இந்தப் பக்கத்தில் எந்த மொழி பேசுகிற வீடானாலும் அப்படித்தான். யாரும் சொல்லவேண்டியதில்லை, யாரும் கேட்கவேண்டியதில்லை. டாக்டருக்கு அது தெரியாமல் போகலாம். அவருடைய வாயாகப் போன எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வறண்ட கண்ணுக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே மருந்து கீரைதான். வெறும் எண்ணெய்க்கு மருந்து என்று பெயர் வைத்து, அந்தக் கீரையையும் குழந்தையின் தட்டிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். வெள்ளை நூல் வீடுகளில் பத்தியத்தை அரைகுறையாகக் காத்தவர்களின் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். சொன்னபடி கேட்டவளுக்குத்தான் இந்தத் தண்டனை.

அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. நேராக டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பேனாவை எடுத்தார். பாப்பாவின் பெயருக்கு நேராக, தாயின் அறியாமையால் உணவில் தவறு, பட்டியலிலிருந்து நீக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு கோடு கிழித்தார். அறியாமையாம்! யாருடைய அறியாமை என்று அன்று முதல் தடவையாக அவரிடம் சத்தம் போட்டேன். அவர் பேனாவை மூடினார். இனி அந்தக் குழந்தை நம் கணக்கில் இல்லை, நீ என்ன மருந்து வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். பெயரை அடித்த பிறகுதான் அவளுக்கு மருந்து கிடைக்கலாம் என்று ஆயிற்று. நான் அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

மறுநாள் காலையில் ஓசூர் ஆஸ்பத்திரியில் மீன் எண்ணெய் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். இடது கண் அந்த எண்ணெயில் பிழைத்தது. வலது கண் திரும்பவில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. வாசலில் நின்றபடியே சொன்னேன்: "அக்கா, அந்தப் புட்டியில இருந்தது மருந்தில்ல. வெறும் கடலெண்ணெய். எது வேலை செய்யுதுன்னு பாக்கறதுக்காகப் பாதிப் புள்ளைங்களுக்கு மருந்து, பாதிப் பேருக்கு எண்ணெய் குடுத்தோம். எனக்கு மொதல்லயே தெரியும்."

அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சாமி படத்துப் பக்கத்திலிருந்த புட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களாம்மா? மருந்து இல்லாட்டிப் போவுது. நான் கீரையாச்சும் போட்டிருப்பனே" என்றாள்.

பிறகு என்னை மறந்துவிட்டவளாக உள்ளே போனாள். சட்டியில் இருந்த கீரையைக் களியோடு பிசைந்து உருண்டை பிடித்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். பாப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல கண்ணால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"வேணாம்மா. மருந்து முறிஞ்சிரும். நர்சம்மா பாத்துட்டிருக்காங்க."