வேன்காரன் ஊத்தின தண்ணி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குச் சம்பளம் ஸ்டீயரிங் பிடிப்பதற்கு இல்லை, வாய் ஓயாமல் பேசிப் பிள்ளைகளை உட்கார வைப்பதற்குத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், கீழே வருகிற ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எங்கள் குலசாமி முனியப்பன் மேல் சத்தியம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மாதா மேலும் சத்தியம். ரெண்டு பேரும் போதாது என்றால் வத்தல்மலையைப் பேர்த்து என் தலையில் வையுங்கள், அதைச் சுமந்துகொண்டும் இதையேதான் சொல்வேன்.

பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். மூட்டையை ஏற்றினால் மூட்டை பேசாமல் கிடக்கும். பிள்ளையை ஏற்றினால் ஒன்று வாந்தி எடுக்கும், ஒன்று பக்கத்துப் பிள்ளை சிலேட்டை உடைக்கும், ஒன்று இறங்கிய பிறகுதான் பையை வண்டியிலேயே விட்டதாக அழும். நம் பாடு நமக்குத்தான் தெரியும். நான் ஓட்டியது எண்பதுகளில், இண்டூருக்கு மேற்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில். பாதிப் பிள்ளைகள் வேதக்கார வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பாதி என்னைப்போல முனியப்பனையும் மாரியம்மாவையும் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள்.

எலுமிச்சம்பழமும் தீர்த்தமும்

வேன் பழசு. ஓடுவதைவிட நிற்பதில்தான் அதற்குப் பிரியம். வாங்கிவந்த அன்று பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். தலைமை ஆசிரியையாக இருந்த பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார். தெற்கத்திக்காரர். கண் அப்படி.

"இது எதுக்கு மாரப்பா?" என்றார். "தீர்த்தம் எஞ்சினுக்குங்க சிஸ்டர், பழம் பிரேக்குக்குங்க" என்றேன். வண்டியை எடுத்தேன். எடுபடவில்லை. சிஸ்டர்கள் எல்லாரும் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். வாசல் மேடு. வண்டி முன்னால் ஏறாமல் அவர்கள் மேலேயே பின்னால் வந்தது. நானும் குதித்து இறங்க, எல்லாரும் ஓடிவிட்டோம். பழம் நாலும் நசுங்காமல் அப்படியே இருந்தது. பெரிய சிஸ்டர் மூச்சு வாங்க, அதைக் காட்டிச் சொன்னார்:

"பழத்தை எடுத்து அடுப்படியில குடு மாரப்பா, ஊறுகாய்க்காவது ஆவட்டும்."

முதலை வயிற்றில் பீடி

பிள்ளைகளை உட்கார வைக்க என்னிடம் இருந்தது கதை ஒன்றுதான். ஒகேனக்கல்லில் ஒரு முதலை என்னை முழுசாக விழுங்கிவிட்டது, உள்ளே ஒரே இருட்டு, வெளிச்சத்துக்கு ஒரு பீடி பற்றவைத்தேன், புகை தாங்காமல் முதலை இருமிக்கொண்டே கரையேறிப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் என்னைத் துப்பிவிட்டுப் போனது என்று சொல்வேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கும். மழை இல்லாத வருசத்தில் வத்தல்மலை இடம் மாறப்போய், நான்தான் ஆரன் அடித்து நிறுத்தினேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

உபதேசியார் சவரியப்பன் என்று ஒருவர். வேதக்காரப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார், சாமியார் ஊரில் இல்லாதபோது நல்லது கெட்டதையும் அவர்தான் முன்னால் நின்று நடத்துவார். ஒருநாள் மீன் வயிற்றில் கிடந்த யோனா கதையை வகுப்பில் உருகி உருகிச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு ஸ்டெல்லா எழுந்து, "இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார், எங்க டிரைவர் மாமா முதலை வயித்துல பீடியே குடிச்சிருக்காரு" என்றாளாம். மணி அடித்ததும் உபதேசியார் நேராக வேனுக்கு வந்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், பாவம், அழுகிற மாதிரி நின்றார்.

"யோனாவை நம்ப மாட்டேங்குதுங்க, உன்னை நம்புதுங்க. இனிமே நான் எதை வெச்சிப் பாடம் நடத்தறது, சொல்லு?"

பொம்மைக்கு ஞானஸ்நானம்

பெரிய ஆஸ்பத்திரி என்றால் தர்மபுரிக்குத்தான் போகவேண்டும். சாமியாருக்கோ ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. அவசரத்துக்கு இருக்கமாட்டார். சாகக் கிடக்கிற பச்சைக் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவர்கள் சபையில் ஒரு வழி உண்டு. அதைப் பெரிய சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் ஒரு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். டீச்சர்கள், சமையல்காரம்மா, வகுப்பு கூட்டுகிற ஞானம்மா, கடைசியில் நான். ஒன்றாம் வகுப்பு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டார். குழந்தை பேரைச் சொல்ல வேண்டும். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று தரம் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

"நான் முனியப்பன் ஆளுங்க சிஸ்டர், நான் ஊத்துனா ஒட்டுமா?" என்று கேட்டேன். "ஊத்துற ஆளை ஆண்டவர் பார்க்கமாட்டார், மனசைத்தான் பார்ப்பார்" என்றார். அப்படியானால் சரி என்று சொம்பை வாங்கி, ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பழக்கத்தில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தேன். பொம்மையின் ஒரு கண் உள்ளே போய்விட்டது. ஞானம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவளுக்கு மாசம் ஏறின வயிறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள். பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கச் சொன்னேன் மாரப்பா, வண்டி கழுவச் சொல்லல."

இண்டூர் தாண்டி

ஞானம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அவள் புருசன் சூசை பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அவன் வந்ததும் ஞானஸ்நானம், பேர் அந்தோணி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. அதற்குள் ஒருநாள் மத்தியானம் பிள்ளைக்கு இழுப்பு வந்து, ஞானம்மா தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். பெரிய சிஸ்டரால் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. "நீ வண்டியை எடு மாரப்பா" என்றார். வண்டியில் நானும் ஞானம்மாவும் அந்தப் பிள்ளையும் மட்டும்தான். அன்றைக்குப் பார்த்து வேன் ஒரே சாவியில் கிளம்பியது.

இண்டூர் தாண்டியதும் பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கிறது. ஞானம்மா முந்தானையால் தன் முகத்தை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறாள். புளியமரத்தடியில் நிறுத்தி, ரேடியேட்டருக்கு வைத்திருந்த கேனை எடுத்தேன். இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. உள்ளங்கையில் வாங்கி, சிஸ்டர் சொன்ன வார்த்தையைச் சொல்லி, மூன்று தரம் ஊற்றினேன். பிறகு வண்டியை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வராந்தாவிலேயே தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஞானம்மா அழக்கூட இல்லை. பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"வண்டியைத் திருப்புங்கண்ணா, வூட்டுக்குப் போலாம்."

வேலிக்கு வெளியே

ஞானஸ்நானம் வாங்காத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைப்பதில்லை என்று அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம். கத்தாழை வேலிக்கு வெளியேதான் குழி. மறுநாள் காலையில் நான் போவதற்குள் வெளியே வெட்டி முடித்திருந்தார்கள். சாமியார் தீர்த்தமலைப் பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தார். சூசைக்குத் தந்தி போயிருந்தது, ஆள் வரவில்லை. ஞானம்மா பிள்ளையைக் கொடுக்காமல் நின்றாள். "மாரப்பண்ணன் தண்ணி ஊத்துச்சிங்க. என் மடியில ஈரம் விழுந்துச்சி, வார்த்தை சொன்னது காதுல கேட்டுச்சி" என்றாள். "பெத்தவ அப்படித்தாம்மா சொல்லுவா" என்றார் உபதேசியார். நான் முன்னால் போய், "ஊத்துனது நெசங்க" என்றேன். கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்: "எங்க ஊத்துனீங்க மாமா, முதலை வயித்துக்குள்ளயா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். பெரிய சிஸ்டர், "நான்தான் சொல்லிக்குடுத்தேன் உபதேசியாரே" என்றார். "குடுத்தீங்க சிஸ்டர். இவன் செஞ்சானான்னுதான் பேச்சே. பொய்யை நம்பி மந்திரிச்ச மண்ணுல வெச்சா நாளைக்கு ஆண்டவருக்கு நான் பதில் சொல்லணுமில்ல?" அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவள் பிள்ளையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டு நிற்கிறாள். நான் வாயை அளந்து பேசுகிறவனாக இருந்திருந்தால் அந்தப் பெண் அந்த வெயிலில் நின்றிருக்க வேண்டாம். இன்றைக்கும் சோறு இறங்காத நாளில் அதுதான் ஞாபகத்துக்கு வரும்.

கடைசியாக உபதேசியார் கேட்டார். "என்ன பேர் சொல்லி ஊத்துனே?" அந்தோணி என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். புளியமரத்தடியில் அது நாக்கில் வரவில்லை. அந்தோணி என்று சொல்லிவிட்டால் தேவலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தேன். ஞானம்மா முகத்தைப் பார்த்தேன். "ராசான்னு சொல்லிட்டேங்க. வாயில அதான் வந்துச்சி" என்றேன். அது என்ன பேர், வேதத்தில் இல்லாத பேர் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. உபதேசியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டி வைத்திருந்தவர்களிடம் திரும்பினார்.

"பொய் சொல்றவனா இருந்தா அந்தோணின்னுதான்டா சொல்லியிருப்பான். அந்தக் குழியை மூடிட்டு உள்ள வெட்டுங்க."

இன்னொரு வாட்டி

ஊர் திரும்பிய சாமியார், செத்த பச்சைப் பிள்ளைக்கு இத்தனை விசாரணை எதற்கு, பேசாமல் உள்ளே வைத்திருக்கலாமே என்று உபதேசியாரை ஒரு பிடி பிடித்தாராம். வேனில் நான் கதை சொல்வதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று கிள்ளிக்கொள்ளப் பழகிக்கொண்டன.

ஞானம்மா மறுபடி வேலைக்கு வந்தாள். ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள். "அண்ணா, அன்னிக்கு நான் மூஞ்சிய மூடிக்கிட்டேன். தண்ணி பட்டப்ப அவன் கண்ணு முழிச்சானா?" என்றாள். முழிக்கவில்லை. இமைகூட ஆடவில்லை. நான் துணியை உதறிப் பக்கத்தில் வைத்தேன். "முழிச்சாம்மா" என்றேன். "தண்ணி சில்லுனு பட்டதும் சூசையாட்டமே நெத்தியைச் சுருக்குனான். யாருடா இவன்னு என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்பறம் உன் பக்கம் திரும்பிச் சிரிச்சான். மூடிக்கிட்டிருந்த பாரு, அதான் உனக்குத் தெரியல." ஞானம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வேன் படியில் உட்கார்ந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க சொல்றது பொய்யின்னு தெரியும்ணா. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

நெசத்தைச் சொன்னபோது வெயிலில் நிறுத்திச் சாட்சி கேட்டார்கள், பொய்யைச் சொன்னபோது படியில் உட்கார்ந்து மறுபடி கேட்டாள், வேன் ஓட்டி நான் கண்ட மிச்சம் இதுதான். ஆனால் பிள்ளை கண் முழித்த அந்தக் கதையை அவள் சூசைக்கும் சொல்லிவிட்டாள், அவன் அதை முழுசாக நம்பிக்கொண்டு இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறான், அதனால் இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.