பன்னிரண்டாவது ஆள்

ஞாயிறு காலை. சாங்கி படகுத்துறையில் பதினொரு பேர் நிற்கிறோம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் உபின் தீவுக்குப் படகு கிளம்பும். கடல் வற்றியிருக்கும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான் அங்கே நட்சத்திர மீன்களை நடந்தே போய்ப் பார்க்க முடியும். வழிகாட்டி பாத்திமா அக்கா கடிகாரத்தையே பார்க்கிறார். பெஞ்சில் பரோட்டா சாப்பிடும் தமிழரிடம் ஓடுகிறேன்.

"அண்ணே, நட்சத்திர மீன் பாக்க வர்றீங்களா? ஒரு ஆள் குறையுதுலா!"

"ராமேஸ்வரத்துக்காரனுக்கே மீன் காட்டுறியா தம்பி?" சிரிக்கிறார். "செம்பவாங் கப்பல் பட்டறையில வெல்டர். கடல்ல கால் வச்சு மூணு வருஷமாச்சு."

"அப்போ வாங்கண்ணே, தண்ணி ஏறிடும்!"

பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுகிறார். படகு கிளம்புகிறது. தீவு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. அவரோ அதற்குள் காலணிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.